வேகத்தை அளந்த கேமரா

1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'கொயானிஸ்காட்சி' என்னும் ஆவணப்படத்தில் கதைமாந்தர் இல்லை, உரையாடல் இல்லை, காட்சிகளுக்கு விளக்கம் சொல்லும் பின்னணிக் குரலும் இல்லை. 86 நிமிடங்களுக்குப் பாறைப் பள்ளத்தாக்குகளும் மேகங்களும் அணைகளும் சுரங்கங்களும் நெடுஞ்சாலைகளும் வானளாவிய கட்டடங்களும் மனித முகங்களும், ஃபிலிப் கிளாஸ் அமைத்த இசையை மட்டும் துணையாகக் கொண்டு திரையில் நகர்கின்றன. இதை இயக்கிய காட்ஃப்ரே ரெஜியோ சிறுவயதிலேயே கத்தோலிக்கத் துறவு சபை ஒன்றில் சேர்ந்து பதினான்கு ஆண்டுகளை அங்கே கழித்தவர்; திரைப்படக் கலையை முறையாகக் கற்றவர் அல்லர். ஒளிப்பதிவாளர் ரான் ஃப்ரிக்குடன் 1975இல் அவர் தொடங்கிய படப்பிடிப்பு, பணம் கிடைத்தபோது நடந்தும் கிடைக்காதபோது நின்றும் ஏழு ஆண்டுகள் இழுத்தது. சமநிலை குலைந்த வாழ்க்கை என்று பொருள்படும் தலைப்பு, அரிசோனா மாநிலத்தின் பூர்வகுடிகளான ஹோப்பி மக்களின் மொழியிலிருந்து எடுக்கப்பட்டது. செய்தியைத் தொகுத்துச் சொல்வதை விடுத்து, படம்பிடிக்கும் முறையையே மாற்றிப் பார்த்து அதன்வழியாகப் பார்வையாளரைச் சிந்திக்கவைக்கும் படங்களைப் பரிசோதனை ஆவணப்படங்கள் என்று வகைப்படுத்துவர். அவ்வகையில் மிகப் பரவலாகப் பார்க்கப்பட்ட படங்களுள் இது ஒன்று. பண்பாட்டு முக்கியத்துவம் கருதிப் பாதுகாக்கவேண்டிய படங்களுக்கென அமெரிக்கா பேணிவரும் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2000ஆம் ஆண்டு இது இடம்பெற்றது.

நகரம் இயற்கையைக் கெடுக்கிறது என்னும் கூற்றில் புதுமை ஏதுமில்லை. அதைச் சொல்வதற்கு இத்தனை ஆண்டு உழைப்பும் தேவையில்லை. படத்தின் அறிவியல் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. நகரத்தின் தாக்கம் என்பது அது அடைத்துக்கொண்டிருக்கும் பரப்பைவிட, அதன் வழியாக நாள்தோறும் பாய்ந்து செல்லும் நீர், எரிபொருள், உணவு, மனிதர் ஆகியவற்றின் வேகத்திலேயே அடங்கியிருக்கிறது என்பதை, காலத்தைச் சுருக்கியும் நீட்டியும் காட்டுவதன் மூலம் இப்படம் கண்ணுக்குப் புலப்படுத்துகிறது. கருத்துரைக்கும் கருவியாக இருந்த கேமரா இங்கே அளவைக் கருவிக்கு நெருங்கி வருகிறது.

இதற்குப் பயன்பட்ட நுட்பம் 'டைம் லாப்ஸ்' எனப்படும் காலச்சுருக்கப் படப்பிடிப்பு ஆகும். வழக்கமான திரைப்படம் விநாடிக்கு 24 சட்டகங்களாகப் பதிவாகி, அதே விகிதத்தில் திரையிடப்படுகிறது. விநாடிக்கு ஒரே ஒரு சட்டகம் வீதம் பதிவுசெய்து அதை 24 சட்டகங்களாக ஓட்டினால், ஒரு மணி நேரம் இரண்டரை நிமிடமாகச் சுருங்கும். ஒரு முழு நாள் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இதற்கு நேர்மாறாக, மிகுந்த விரைவில் பதிவுசெய்து இயல்பான விகிதத்தில் ஓட்டினால் இயக்கம் மெதுவாகும். ரெஜியோ இரண்டையும் பயன்படுத்துகிறார்: கூட்டங்களும் வாகனங்களும் விரைவுபடுத்தப்படுகின்றன, தனிமனித முகங்களும் இடிந்துவிழும் கட்டடங்களும் மெதுவாக்கப்படுகின்றன. காலச்சுருக்கம் திரைக்கலைஞர்களின் கண்டுபிடிப்பு என்று கருதப்படுவதுண்டு. ஆனால் அது தொடக்கத்திலேயே ஆய்வுக்கூடத்தில் புழங்கிய முறை. ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஃபெஃபர் 1898 முதல் 1900 வரையிலான ஆண்டுகளிலேயே செடிகள் வளர்வதையும் இலைகள் அசைவதையும் இம்முறையில் படமெடுத்து, தாவரங்கள் அசைவற்றவை என்னும் எண்ணம் மனிதக் கண்ணின் பொறுமையின்மையால் ஏற்பட்டதே என்று காட்டினார்.

படத்தின் முற்பகுதியில் மேகங்கள் மலைமுகடுகளின்மேல் அலைபோல் எழுந்து வழிந்து இறங்குகின்றன. இயல்பான வேகத்தில் மேகம் ஒரு பொருளாகத் தெரிகிறது. விரைவுபடுத்தினால் அது ஒரு பாய்மமாக, அதாவது நீரையும் காற்றையும் போலப் பாய்ந்து செல்லும் பொருளாக, தன் உண்மைத் தன்மையைக் காட்டிவிடுகிறது. பிற்பகுதியில் இரவுநேர நெடுஞ்சாலைகளும் அவ்வாறே மாறுகின்றன: கார் என்று எதையும் தனித்துச் சுட்ட இயலாமல், ஒருபுறம் வெள்ளையும் மறுபுறம் சிவப்புமாக ஒளி ஓடுகிறது, போக்குவரத்து விளக்கு மாறும்போதெல்லாம் ஓட்டம் தேங்கி, பிறகு துடித்துக் கிளம்புகிறது. இது வெறும் கண்கவர் காட்சி அன்று. ஜேம்ஸ் லைட்ஹில், ஜெரால்ட் விட்டம் என்னும் இரு கணிதவியலாளர்கள் 1955இலேயே சாலைப் போக்குவரத்தைப் பாய்மமாகக் கொண்டு, வாகன அடர்த்திக்கும் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடுகளாக எழுதியிருந்தனர். வாகனங்கள் முன்னோக்கிச் செல்லும்போதே நெரிசல் என்னும் அலை பின்னோக்கிப் பயணம் செய்யக்கூடும் என்பது அக்கோட்பாட்டின் விளைவுகளுள் ஒன்று. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களைச் சீரான வேகத்தில் ஓட்டச் சொன்னபோது, எந்தத் தடையும் இல்லாமலேயே நெரிசல் தானாகத் தோன்றி, மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. ஓட்டுநர் ஒவ்வொருவரும் தன் விருப்பப்படியே செல்வதாக நினைத்துக்கொண்டிருக்க, கூட்டம் மட்டும் வேறொரு விதிக்குக் கட்டுப்படுகிறது.

நகரத்தை ஓட்டமாகப் பார்க்கும் இந்தப் பார்வைக்கு ஒரு முன்னோடி உண்டு. ஹிலரி ஹாரிஸ் என்னும் படக்கலைஞர் 1975இல் முடித்த 'ஆர்கனிசம்' என்னும் குறும்படம், நியூயார்க்கின் சாலைகளை இரத்தக் குழாய்களுக்கும் வாகனங்களை இரத்த அணுக்களுக்கும் ஒப்பிட்டு, காலச்சுருக்கக் காட்சிகளுக்கிடையே நுண்ணோக்கிக் காட்சிகளைக் கோத்திருந்தது. அதைக் கண்ட ரெஜியோ ஹாரிஸையும் தம் பணியில் சேர்த்துக்கொண்டார். நகரத்தை உடலாகக் காணும் எண்ணம் அறிவியலிலும் அப்போது வேரூன்றியிருந்தது. பொதுச் சுகாதாரப் பொறியாளர் ஏபல் வோல்மன் 1965இல், பத்து லட்சம் பேர் வாழும் கற்பனை அமெரிக்க நகரம் ஒன்றின் வளர்சிதைமாற்றத்தைக் கணக்கிட்டார். உயிருள்ள உடல் உணவை உட்கொண்டு ஆற்றலாக மாற்றிக் கழிவை வெளியேற்றும் வேதிச் செயல்களின் தொகுதியே வளர்சிதைமாற்றம். அதை ஊருக்குப் பொருத்தியபோது, அந்நகரம் நாளொன்றுக்குச் சுமார் 6,25,000 டன் நீரையும் 9,500 டன் எரிபொருளையும் 2,000 டன் உணவையும் உள்ளிழுத்து, 5,00,000 டன் கழிவுநீரையும் 2,000 டன் குப்பையையும் 950 டன் காற்று மாசுகளையும் வெளித்தள்ளுவதாகக் கணக்கு வந்தது. குப்பை மேடுகளையும் புகைபோக்கிகளையும் பற்றியே பேசிப் பழகியவர்களுக்கு, இந்தப் பட்டியலில் எடை அளவில் நீருக்கு முன்னால் மற்றவை யாவும் கடுகளவே என்பது இன்றும் வியப்பளிக்கும்.

ஆயினும் உடல் என்னும் உவமை ஓரிடத்தில் முறிகிறது; முறியும் இடமே சுவையானது. பாலூட்டிகளில் உருவம் பெருகப் பெருக ஒவ்வொரு கிராம் தசைக்கும் தேவைப்படும் ஆற்றல் குறைகிறது. யானையின் இதயம் எலியின் இதயத்தைவிட மிக மெதுவாகத் துடிக்கிறது. லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் முதலானோர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாலைப் பரப்பு, மின்கம்பிகளின் நீளம் போன்றவற்றில் நகரமும் அந்த விதியையே பின்பற்றுகிறது: மக்கள்தொகை இரட்டிக்கும்போது அவை இரண்டு மடங்குக்குக் குறைவாகவே பெருகுகின்றன. ஆனால் வருமானம், புத்தாக்கம், குற்றம், தொற்றுநோய் ஆகியவை இரண்டு மடங்கையும் தாண்டிவிடுகின்றன. மக்கள் தெருவில் நடக்கும் வேகமும் ஊர் பெரிதாகப் பெரிதாகக் கூடுகிறது. பெரிய உடல் நிதானப்படும், பெரிய நகரமோ விரைவுபடும். ரெஜியோ தம் படத்தின் உச்சப் பகுதியில் காட்சிகளையும் இசையையும் மேலும் மேலும் விரைவுபடுத்திக்கொண்டே செல்வது மிகைப்படுத்தல் என்று அக்காலத்தில் தோன்றியிருக்கலாம். கால் நூற்றாண்டு கழித்து வந்த ஆய்வு அந்த உள்ளுணர்வின் பக்கம் நிற்கிறது. அதே பகுதியை ஒட்டி, செயற்கைக்கோளிலிருந்து எடுத்த நகரப் படங்களையும் கணினிச் சில்லுகளின் உட்படங்களையும் அவர் அடுத்தடுத்து வைப்பது மட்டும் வடிவ ஒற்றுமையோடு நின்றுபோகிறது. அதில் ஆழம் குறைவு.

படத்தின் மிக நீண்ட காட்சிகளுள் ஒன்றில், ஒரு போயிங் 747 விமானம் ஓடுதளத்தில் கேமராவை நோக்கி ஊர்ந்து வருகிறது. நெடுந்தொலைவு லென்ஸ் வழியாக எடுக்கப்பட்டதால் விமானம் நெருங்கி வருவதாகவே தோன்றாமல், அலையாடும் காற்றுக்குள் மிதப்பதாகத் தோன்றுகிறது. வெயிலில் காய்ந்த தளத்தை ஒட்டிய காற்று மிகுந்த வெப்பமடைந்து அடர்த்தி குறைகிறது. அதற்கு மேலிருக்கும் காற்று அதைவிடக் குளிர்ந்தும் அடர்ந்தும் இருக்கிறது. அடர்த்தி மாறும் இடங்களில் ஒளி தன் பாதையில் வளைவது ஒளிவிலகல் எனப்படும். இரு அடுக்குகளும் இடைவிடாது கலந்துகொண்டிருப்பதால் வளைவும் நொடிக்கு நொடி மாறி, உருவம் நடுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத வெப்பம் இப்படியாகத் திரையில் உருவம் பெறுகிறது.

அந்த வெப்பம் நகரத்தின் அடிப்படை விளைவுகளுள் ஒன்று. சுற்றியுள்ள நாட்டுப்புறத்தைவிட நகரம் வெப்பமாக இருக்கும் நிலையை நகர வெப்பத் தீவு என்பர். இதை முதன்முதலில் அளந்து நூலாக வெளியிட்டவர் லண்டனைச் சேர்ந்த வேதிப்பொருள் தயாரிப்பாளர் லூக் ஹோவர்ட். மேகங்களுக்கு இன்றும் வழங்கும் இலத்தீன் பெயர்களை 1802இல் வகுத்துத் தந்தவரும் அவரே. நகரம் இரவில் ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் அளவுக்குக் கூடுதல் வெப்பத்துடன் இருப்பதை அவருடைய குறிப்புகள் காட்டின. காரணங்கள் பல. மண்ணும் மரமும் இருக்கும் இடத்தில் சூரிய ஆற்றலின் பெரும்பங்கு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.7 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான ஆற்றல் வேண்டும். தாரும் கான்கிரீட்டும் மூடிய தரையில் ஆவியாக நீர் இல்லாததால், அந்த ஆற்றல் அப்படியே தரையைச் சூடாக்குகிறது. பகலில் சேர்ந்த வெப்பம் இரவில் வானை நோக்கிக் கதிர்வீச்சாக வெளியேறவேண்டும். எதிரெதிரே நிற்கும் உயர்ந்த சுவர்கள் வானத்தின் பெரும்பகுதியை மறைத்துவிடுவதால், ஒரு சுவர் உமிழ்வதை மறுசுவர் வாங்கிக்கொள்கிறது. இயந்திரங்களும் வாகனங்களும் குளிர்சாதனங்களும் வெளிவிடும் வெப்பம் அதன்மேல் சேர்கிறது.

நகரத்தின் தாக்கம் நகர எல்லையோடு முடிவதில்லை என்பதைச் சொல்லும் பகுதி படத்தின் நடுவே வருகிறது. சுரங்கத்தில் பெரும் லாரிகள் கரும்புழுதிக்கு நடுவே நகர, பாலைநிலத்தின் குறுக்கே மின்கம்பிகள் ஓட, நவாஹோ அனல்மின் நிலையமும் கிளென் கேன்யன் அணையும் திரையில் வந்துபோகின்றன. இவை எங்குள்ளவை, யாருக்காக இயங்குபவை என்று படம் சொல்வதில்லை. சொன்னால் காட்சிகளின் கனம் கூடும். அரிசோனாவின் வடகோடியில், 2,250 மெகாவாட் திறனுடன் 1970களின் நடுப்பகுதியில் இயங்கத் தொடங்கிய அந்த மின்நிலையத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நீர்-மின் துறைக்குச் சொந்தமாக இருந்தது. இன்னொரு நான்கில் ஒரு பங்கு மின்சாரம், கொலராடோ ஆற்று நீரை 540 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் வழியாக ஃபீனிக்ஸ், டூசான் நகரங்களுக்கு மேடேற்றும் இறைப்பான்களுக்கென ஒதுக்கப்பட்டது. ஒரு நகரம் குழாயைத் திறந்தால் இன்னொரு மூலையில் நிலக்கரி எரிந்தது. புகைபோக்கிகள் வெளியிட்ட கந்தக டை ஆக்சைடு காற்றில் நுண்துகள்களாக மாறி, கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேல் மங்கலாகப் படர்ந்ததால், அவ்வாயுவில் 90 விழுக்காட்டைக் குறைக்கவேண்டும் என்று 1991இல் அரசு ஆணையிட்டது.

அணையின் கதை வேறு வகைப்பட்டது. 1963இல் நீரைத் தேக்கத் தொடங்கிய கிளென் கேன்யன் அணை, கொலராடோ ஆறு சுமந்துவந்த வண்டலை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டது. அதற்குமுன் செந்நிறமாய், கோடையில் வெதுவெதுப்பாய், குளிர்காலத்தில் உறைநிலைக்கு அருகில் ஓடிய ஆறு, அதன்பின் தேக்கத்தின் ஆழத்திலிருந்து திறக்கப்படுவதால் ஆண்டு முழுவதும் தெளிந்தும் குளிர்ந்தும் ஓடியது. கலங்கல் நீருக்கும் பருவ வெள்ளத்துக்கும் ஏற்ப உருவான ஹம்ப்பேக் சப் என்னும் மீன் இனம் அருகிப்போனது. கரையோர மணல் திட்டுகள் கரைந்தன. அவற்றை மீட்க 1996 முதல் அவ்வப்போது அணையைத் திறந்து செயற்கை வெள்ளம் விடப்படுகிறது. நீரைத் தேக்கக் கட்டிய ஒன்றிலிருந்து வெள்ளத்தை வேண்டுமென்றே உண்டாக்கவேண்டிய நிலை, பொறியியல் வரலாற்றில் தனித்துக் குறிப்பிடத்தக்கது.

இத்தகைய தாக்கங்களில் ஒன்றையேனும் படம் ஒரே சட்டகத்துக்குள் அடக்கிக் காட்டுகிறது. கலிபோர்னியக் கடற்கரையில் வெயில் காய்வோர் படுத்திருக்கிறார்கள். கேமரா மெல்ல நகர, பின்னணியில் சான் ஒனோஃப்ரே அணுமின் நிலையம் தோன்றுகிறது. பார்ப்பவர் மனம் உடனே கதிரியக்கத்தை நினைக்கும். ஆனால் அந்நிலையம் கடலுக்குச் செய்ததாக ஆய்வாளர்கள் நிறுவிய சேதங்களுள் ஒன்று, அச்சமூட்டும் தன்மை சற்றும் இல்லாதது: குளிர்விக்கப் பயன்பட்டுத் திரும்பிய நீர் அடிக்கடல் கலங்கலைக் கிளப்பி ஒளியை மறைத்ததால், கெல்ப் எனப்படும் பெரும் கடற்பாசிக் காடு நலிந்தது. அதற்கு ஈடாக, சான் கிளமென்ட்டே நகரை ஒட்டிய கடலில் பாறைகளை இறக்கிச் செயற்கைப் படுகை அமைக்கவேண்டியதாயிற்று.

படம் காட்டாதவையும் கவனிக்கத்தக்கவை. விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் அதில் ஏறக்குறைய இடமே இல்லை. இயற்கை என்பது அங்கே பாறை, மேகம், நீர் என்ற அளவில் நிற்கிறது. பாறைச் சுவர்களையும் கட்டடச் சுவர்களையும் எதிரெதிராக நிறுத்தி முரணை உணர்த்த விரும்புகிறார் இயக்குநர். செங்குத்துப் பாறைகளில் கூடமைக்கும் பைரி வல்லூறுக்கோ அந்த முரண் தெரிவதில்லை. நியூயார்க்கின் உயர்ந்த கட்டடங்களிலும் பாலங்களிலும் அது குஞ்சு பொரிக்கிறது. அது வேட்டையாடும் மாடப்புறாவும் ஒருகாலத்தில் பாறைகளில் வாழ்ந்த இனமே. படத்தின் அழகான காட்சிகளுள் ஒன்று, கண்ணாடிக் கட்டடங்களின்மீது மேகங்கள் பிரதிபலித்து ஓடுவது. கண்ணாடியில் தெரியும் வானத்தை வானமென்றே நம்பிப் பறந்து மோதி இறக்கும் பறவைகளின் எண்ணிக்கை, 2014இல் வெளியான மதிப்பீட்டின்படி, அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை இருக்கும். இவற்றில் வானளாவிய கட்டடங்களின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு; ஏறத்தாழ எல்லா மரணங்களும் சாதாரண வீடுகளிலும் குறைந்த உயரக் கட்டடங்களிலும் நிகழ்கின்றன. கேமராவைக் கவர்வது உயரம். கணக்கில் கூடுவது எண்ணிக்கை.

ஒலியைப் பொறுத்தவரை படம் ஏறத்தாழ செவிடாகவே இருக்கிறது. கிளாஸின் இசை எல்லாவற்றையும் மூடிவிடுவதால், நகரத்தின் இரைச்சல் கேட்பதே இல்லை. அந்த இரைச்சலும் ஒரு தாக்கம்தான். நெதர்லாந்தின் லைடன் நகரில் இரைச்சல் மிகுந்த இடங்களில் வாழும் பட்டாணிக் குருவிகள் உயர்ந்த சுருதியில் பாடுவதை 2003இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். வாகன ஓசை தாழ்ந்த சுருதியில் இருப்பதால், அதற்கு மேலேறிப் பாடினால்தான் இணைக்குக் கேட்கும். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் சான்ஃபிரான்சிஸ்கோவில் போக்குவரத்து அடங்கியபோது, அங்குள்ள வெண்கொண்டைக் குருவிகள் சில வாரங்களுக்குள்ளேயே தணிந்த குரலுக்கும் தாழ்ந்த சுருதிக்கும் திரும்பின.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. விரைவுபடுத்தப்பட்ட கூட்டத்தில் மனிதர் அனைவரும் ஒரே திரளாகிவிடுவதால், யார் நுகர்கிறார், யார் விலை கொடுக்கிறார் என்னும் வேறுபாடு அழிந்துபோகிறது. செயின்ட் லூயிஸ் நகரின் ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பு தகர்க்கப்படும் காட்சி இதற்குச் சான்று. பதினொரு மாடி கொண்ட 33 கட்டடங்கள் அடங்கிய அக்குடியிருப்பில் 1954இல் மக்கள் குடியேறினர். 1972க்கும் 1976க்கும் இடையே அது முற்றிலும் இடிக்கப்பட்டது. மெதுவாகச் சரியும் சுவர்களைப் படம் நவீன வாழ்வின் தோல்வியாக முன்வைக்கிறது. ஆனால் 1950இல் 8.5 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அந்நகரம் 1970க்குள் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோரைப் புறநகர்களுக்கு இழந்திருந்ததும், பராமரிப்புக்கான பணம் ஏழைக் குடியிருப்பாளர்களின் வாடகையை நம்பியே இருந்ததும் காட்சியில் வருவதற்கில்லை.

தலைப்பைத் தந்த ஹோப்பி மக்களின் நிலையும் அப்படித்தான். நிலத்திலிருந்து அரும்பொருள்களைத் தோண்டியெடுப்போர் அழிவை அழைத்துக்கொள்வர் என்னும் பொருள்படும் அவர்களுடைய முன்னறிவிப்பு ஒன்று படத்தின் இறுதியில் பாடப்படுகிறது. நவாஹோ மின்நிலையத்துக்குப் போன நிலக்கரி, ஹோப்பி, நவாஹோ பூர்வகுடிகளின் நிலங்களிலுள்ள பிளாக் மேசா மேட்டிலிருந்தே வெட்டப்பட்டது. அதே மேட்டின் மற்றொரு சுரங்கத்து நிலக்கரியைப் பொடித்து, நிலத்தடி நீரோடு கலந்து, 440 கிலோமீட்டர் குழாய் வழியே நெவாடாவுக்கு அனுப்ப நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கும் மேல் நீர் உறிஞ்சப்பட்டது. 2005இல் அந்தக் குழாய்வழி நின்றது. 2019 நவம்பரில் நவாஹோ மின்நிலையமும் மூடப்பட்டது. மறு ஆண்டு டிசம்பரில் அதன் மூன்று புகைபோக்கிகளும் வெடிவைத்துச் சாய்க்கப்பட்டன. மலிவான இயற்கை எரிவாயுவின் முன் நிலக்கரி கட்டுபடியாகாததே முதன்மைக் காரணம். கால்வாயின் இறைப்பான்கள் வேறிடங்களிலிருந்து மின்சாரம் வாங்கிக்கொண்டு தொடர்ந்து ஓடுகின்றன. ஃபீனிக்ஸ் நகருக்கு ஒரு நாளும் நீர் நிற்கவில்லை. நிலக்கரிக் குத்தகையிலிருந்து தன் வருவாயின் பெரும்பகுதியைப் பெற்றுவந்த ஹோப்பி நிர்வாகமே அந்தப் பணத்தை இழந்து, செலவுகளை ஒவ்வொன்றாகக் குறைக்கவேண்டியதாயிற்று.